உதடு ஒட்டாத வார்த்தைகள்

ஜூன் 3, திங்கள்

மௌனம், முதல் நாள்.

ஒவ்வொரு படத்துக்கும் டப்பிங் தொடங்கும் முன் நான்கு நாள் நான் வாய் திறப்பதில்லை. பதினொரு வருடப் பழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தொண்டையைக் காலி செய்து வைத்தால்தான் இன்னொருத்தி வந்து உட்கார முடியும். இந்த நாட்களில் ஆதிரையிடம் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவேன். 'குக்கர் மூணு விசில்.' 'கேஸ் புக் பண்ணு.' இந்த வருடம் அவள் பிளஸ் டூ. அந்தச் சீட்டுகளை எல்லாம் சேர்த்து வைக்கிறாளாம், என்றாவது கோர்ட்டில் காட்ட.

சீட்டில் அடங்காததற்கு இந்த டைரி. போன படத்தின் தயாரிப்பாளர் பொங்கலுக்குக் கொடுத்தது. அட்டையில் நடிகை தாரிகா சிரிக்கிறாள். பழைய காலண்டர் தாளைக் கிழித்து அட்டை போட்டுவிட்டேன்.

இன்று: தயிர் இல்லை, எலுமிச்சை இல்லை, வேர்க்கடலை இல்லை. வெந்நீர் எட்டு டம்ளர். வெண்டைக்காய்ப் பொரியல். வெள்ளிக்கிழமை 'ஈரச்சுவர்' படத்தின் டப்பிங்.

ஜூன் 4, செவ்வாய்

மௌனம், இரண்டாம் நாள். ஆதிரையின் அப்பா மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் வந்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "கொடுத்து வெச்சவன்யா நான், பொண்டாட்டி பேசமாட்டேங்குறா" என்று சிரித்தார். நெட் சரியில்லை. உதடு அசைந்து முடிந்த பிறகு சத்தம் வந்தது. ஆறு ஃபிரேம் இருக்கும். ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு ஃபிரேம். ஒரு ஃபிரேம் பிசகினாலே எனக்கு உடம்பு கூசும், ஆறு ஃபிரேம் என்றால் வாந்தி வரும். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தமிழ்நாட்டுக்குத் தெரிந்த தாரிகாவில் பாதிதான் லூதியானாவிலிருந்து வந்தது. மீதிப் பாதி சாலிகிராமத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறது. பதினான்கு படம். அவள் சிரித்தது, அழுதது, பிரசவ வலியில் கத்தியது, எல்லாம் என் தொண்டை.

பிப்ரவரியில் விருது வாங்கிவிட்டு வெளியே வந்தவளிடம் ஒரு நிருபர் கேட்டார், "தமிழ் பிரமாதம் மேடம், யாரோட வாய்ஸ்?" இவள் தலையைச் சாய்த்து, "என் குரல்தான்" என்றாள். பத்து விநாடி வீடியோ. எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை. முந்நூறு இருக்கலாம்.

அந்த இரண்டு வார்த்தையையும் என்னுடைய இழுப்பில்தான் சொன்னாள்.

ஜூன் 6, வியாழன்

நான்காம் நாள் மௌனத்தை இயக்குநர் இளஞ்சேரன் கலைத்தார். உடனே வரச்சொல்லி ஆள் மேல் ஆள். ஆபீசில் காபி வந்தது. நான் தொடவில்லை.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. இந்தப் படத்துக்கு தாரிகாவே பேசறாங்க."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சொந்தக் குரலா இருந்தாத்தான் நேஷனல் அவார்டு கமிட்டியில எடுத்துப்பாங்களாம். ஆனா அவங்க தமிழ் உங்களுக்கே தெரியும். நீங்க கூட நின்னு சொல்லிக்குடுக்கணும். உங்கள விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

இன்னும் பார்த்தேன்.

"டைட்டில்ல தனி கார்டுக்கா. 'குரல் பயிற்சி: பிரமிளா'. ஸ்க்ரீன் முழுக்க நீங்க மட்டும்தான்."

பதினொரு வருடமாக என் பெயர் படம் முடிந்து விளக்கு போட்ட பிறகு, சாப்பாடு போட்டவருக்கும் ஜெனரேட்டர் கொடுத்தவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத் தியேட்டரில் துடைப்பத்தோடு நிற்கும் ஆயாவும் நானும் மட்டும்தான் இருப்போம்.

"சரி" என்றேன். நான்கு நாள் சேர்த்து வைத்த குரலில் முதலில் செலவானது அந்த ஒரு வார்த்தை.

ஜூன் 7, வெள்ளி

எதற்கு ஒத்துக்கொண்டாய் என்று ஆதிரை கேட்டாள். படம் நன்றாக வரவேண்டும் இல்லையா என்றேன்.

டைரியில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்? அவள் அந்தக் கண்ணாடி அறைக்குள் நிற்கவேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளிச்சமில்லாமல், மேக்கப் இல்லாமல், தன் வாயைத் தானே துரத்திக்கொண்டு நிற்கவேண்டும். 'ஒன் மோர்' என்று நான் சொல்லவேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். 'என் குரல்தான்' என்றாளே, அந்தக் குரல் எத்தனை விலை என்று அவள் தொண்டைக்குத் தெரியவேண்டும். யாரும் என்னைக் குறைசொல்லவும் முடியாது. நான் வேலையில் சுத்தம் என்று கோடம்பாக்கமே சொல்லும்.

மாவு அரைத்தேன். நல்ல பொங்கு பொங்கியது.

ஜூன் 10, திங்கள்

முதல் நாள். டப்பிங் தியேட்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக், இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஸ்டான்லி. நடுவில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால்தான் நாங்கள் பேசுவது உள்ளே இருப்பவருக்குக் கேட்கும். இத்தனை வருடம் நான் அந்தப் பக்கம். பொத்தான் என் விரலடிக்கு வந்தது இன்றுதான்.

தாரிகா பத்து நிமிடம் முன்பாகவே வந்துவிட்டாள். பருத்திப் புடவை, பிளாஸ்கில் வெந்நீர். என்னிடம் கற்றது போலவே இருக்கிறதே என்று நினைத்தேன், காரணம் உடனே தெரிந்தது.

"பிரமிளா மேம், நான் உங்க வாய்ஸ் எல்லாம் போன்ல வெச்சிருக்கேன். டெய்லி கேக்கறேன். குளிக்கும்போதுகூட கேக்கறேன்."

பேசிக் காட்டினாள். என் இழுப்பு, என் மூச்சு, வாக்கியத்தின் கடைசியில் நான் குரலை லேசாகக் கீழே வைப்பேனே, அதுவும். ஸ்டான்லி அசந்துபோய், "அக்கா, அப்படியே நீங்கதான்!" என்றார். வீட்டைக் கொள்ளையடித்தவள் என் சேலையையே கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள், அழகாக இருக்கிறதா என்று என்னையே கேட்கிறாள்.

முதல் பாடம் உதடு. ப, ம வரும் இடத்தில் உதடு ஒட்டும். அங்கே பிசகினால் கடைசி வரிசையில் முறுக்குத் தின்பவருக்கும் தெரிந்துவிடும். உதடு ஒட்டாத வார்த்தைகள்தான் கஷ்டம், அவற்றைத் தாடையையும் தொண்டைக்குழியையும் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். நான் சத்தமில்லாமலே ஒரு படத்தை முழுக்கப் படித்துவிடுவேன்.

"உங்க பேர்ல ரெண்டு வாட்டி ஒட்டுது மேம்" என்றாள். பிறகு மைக்கை அணைத்திருந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பி, மி. பி, மி. சத்தம் எனக்கு வரவில்லை, உதடு மட்டும் தெரிந்தது.

பொத்தானை அழுத்தினேன். "என்னை மாதிரிப் பேசாதீங்க. அது உங்களோடது இல்ல. முதல்லேருந்து வாங்க."

இருபத்தெட்டு டேக்.

ஜூன் 12, புதன்

முப்பத்தைந்து டேக். 'தண்ணி வந்துச்சா' என்ற ஒரே வரிக்கு. என் இழுப்பு எங்கே தலைகாட்டினாலும் வெட்டினேன். தன்னுடையது என்று அவளிடம் ஒன்றுமே இல்லை. உரித்தால் உள்ளே வெங்காயம்கூட இல்லை.

ஸ்டான்லி, "பதினாலாவது நல்லாத்தானேக்கா இருந்துச்சு?" என்றார்.

"ரெண்டு ஃபிரேம் லேட்."

அவர் திரையைப் பார்த்தார், ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இல்லையேக்கா, கரெக்டா உக்காந்திருக்கு."

இத்தனை வருடம் இந்த மனிதரை நம்பியா வேலை செய்தேன்?

ஜூன் 14, வெள்ளி

மஸ்கட்டிலிருந்து வந்த வீடியோ காலில் அவர் மறுபடியும் லேட். ஆதிரையிடம் நெட் கம்பெனிக்குப் புகார் செய்யச் சொன்னேன். "எனக்குச் சரியாத்தாம்மா கேக்குது" என்றாள்.

ஜூன் 17, திங்கள்

இன்று அழுதுவிட்டாள். நாற்பத்தொன்றாவது டேக்கில், வரியின் நடுவே, படத்துக்காக அல்லாமல் நிஜமாகவே. ஸ்டான்லி எழுந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார். நான் பொத்தானை அழுத்தி, "அழுகை உதட்டோட சிங்க் ஆகல. ஒன் மோர்" என்றேன்.

அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். சண்டை போடுவாள், மேனேஜரைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஓகே மேம்" என்றாள்.

அந்த 'ஓகே மேம்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.

ஜூன் 19, புதன்

காலையில் ஆதிரை வாசலில் நின்று, "அம்மா, போயிட்டு வரேன்" என்றாள். உதடு மூடித் திறந்தது. பிறகு 'அம்மா' வந்தது.

இன்னொரு முறை சொல் என்றேன். சொன்னாள். இன்னும் லேட். மூன்று ஃபிரேம், நான்கு ஃபிரேம். வாயை நன்றாகத் திறந்து சொல் என்றேன். ஒன்பது முறை சொன்ன பிறகு, "பஸ் போயிடும்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று அழ ஆரம்பித்தாள். அதுவும் தள்ளியே வந்தது. முதலில் முகம் கோணியது, பிறகு விசும்பல்.

இவள் பரீட்சை பயத்தில் இருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

47D பஸ் கண்டக்டரும் லேட். ஊரே சரியில்லை.

ஜூன் 21, வெள்ளி

க்ளைமாக்ஸ். பட்டாசு ஆலை விபத்தில் மகளைப் பறிகொடுத்தவள் விசாரணைக் கமிஷன் முன்னால் நிற்கிறாள். அதிகாரிகளே பேசிக்கொள்கிறார்கள், நிவாரணம் என்கிறார்கள், கையெழுத்து என்கிறார்கள். கடைசியில் அவள் எழுந்து ஒரே ஒரு வரி சொல்கிறாள்:

"என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மூன்று மாதமாக இந்த வரிக்காகத்தான் நான் காத்திருந்தேன், நான் பேசுவேன் என்று. ஸ்கிரிப்டில் அடிக்கோடு போட்டிருந்தேன். குளியலறையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். 'கேட்டீங்களா'வில் கத்தக் கூடாது, மூச்சை மட்டும் விடவேண்டும் என்று முடிவுகூட செய்துவைத்திருந்தேன். இப்போது அதை அவளிடமிருந்து பிடுங்க வேண்டும்.

காலை பத்தரை மணிக்கு ஆரம்பித்தோம். இருபதாவது டேக்கில் குரல் கரகரத்தது. நாற்பதில் 'வார்த்தை'யில் உடைந்தது. நான் உட்காரவே இல்லை. ஐம்பதில் ஸ்டான்லி, "அக்கா, போதும், பாவம்" என்றார். பொத்தானை அழுத்தியபடியே, "உங்க வேலைய பாருங்க ஸ்டான்லி" என்றேன். உள்ளே அவளுக்கும் அது கேட்டிருக்கும்.

ஒன் மோர். ஒன் மோர். என் வாயிலிருந்து அது சுகமாக வந்தது. அதுமட்டும் உதட்டோடு ஒட்டிச் சரியாக வந்தது.

அறுபத்து நான்கில் அவள் வாயைத் திறந்தபோது பாதி காற்றுதான் வந்தது. 'கேட்டீங்களா' என்பதில் சத்தமே இல்லை. மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். வெளியே வந்தவளுடைய கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. லிப்ஸ்டிக்காக இருக்கலாம். அவள் இந்த நாட்களில் லிப்ஸ்டிக் போடுவதில்லை.

போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தாள், குரல் இல்லை. நான் கையை உருவிக்கொண்டேன்.

ஜூன் 22, சனி

இளஞ்சேரன் போன். டாக்டர் மூன்று வாரம் தாரிகாவை வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். ரிலீஸ் தேதி அறிவித்தாகிவிட்டது. "க்ளைமாக்ஸ் மட்டும்தான் பாக்கிக்கா. நீங்களே பேசிக் குடுத்துருங்க."

கேசரி செய்தேன். ஆதிரை, "என்ன விசேஷம்?" என்றாள். தாமதமாகத்தான் கேட்டது, பரவாயில்லை, நான் சிரித்தேன். மூன்று வாரம் வாய் திறக்கக் கூடாதாம்! நான் பதினொரு வருடமாக நான்கு நான்கு நாளாகக் கட்டியதை அவள் மொத்தமாகக் கட்டட்டும்.

மௌனத்துக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. பரவாயில்லை.

ஜூன் 25, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

முதல் டேக்கிலேயே ஓகே. ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டியது, மூச்சு நான் நினைத்த இடத்தில் விழுந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். இளஞ்சேரன் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். ஸ்டான்லி என்னைப் பார்க்கவில்லை.

"சூப்பர்க்கா" என்றார் இளஞ்சேரன். பிறகு, "ஸ்டான்லி, அந்த அறுபத்து நாலை ஒருவாட்டி போடுங்க" என்றார்.

போட்டார்கள். அந்தக் காற்று. பாதியில் செத்துப்போகும் 'வார்த்தை'. வராத 'கேட்டீங்களா'. திரையில் அந்தத் தாயின் வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை, அறை முழுக்க அதிகாரிகளின் மின்விசிறி மட்டும் ஓடுகிறது. படம் நின்றது. டீ கொண்டுவந்தவர் தட்டோடு அப்படியே நின்றார்.

"உங்களோடதுல ஒரு தப்பும் இல்லக்கா" என்றார் இளஞ்சேரன். "அதான்... எப்படிச் சொல்றது? இதுல அவ நெஜமாவே தோத்துப்போயிருக்கா. இதயே வெச்சுக்கறேன்."

நான் இன்னொரு டேக் கொடுக்கிறேன் என்றேன். கொடுத்தேன். இன்னொன்று. கரகரப்பு வேண்டுமா? இதோ. உடைய வேண்டுமா? இதோ, எந்த எழுத்தில் உடைய வேண்டும், சொல்லுங்கள். நான் எங்கே உடைத்தாலும் அது அழகாக உடைந்தது. அவளுடையது கோணலாக உடைந்திருந்தது. அதைச் செய்ய எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து, முப்பது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அறுபத்து நான்கு வரை வராமல் எப்படி விடுவது?

கண்ணைத் திறந்தபோது சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. எப்போது போனார்கள் என்று தெரியவில்லை. ஆதிரை மட்டும் ஸ்கூல் பையோடு நின்றுகொண்டிருந்தாள். ஸ்டான்லி போன் செய்தாராம். அவள் வாய் அசைந்தது. பொத்தானை அழுத்தத் தெரியவில்லை போலிருக்கிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது என்று பிறகு சொன்னாள்.

ஜூலை 1, திங்கள்

ஆதிரை வடபழனியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். காது டாக்டர் என்றுதான் நினைத்தேன். பலகையில் 'மனநல மருத்துவர்' என்று படித்தபோது டோக்கன் வாங்கியாகிவிட்டது. நல்ல மனிதர். ஆனால் அவரும் ஐந்து ஃபிரேம் லேட்.

ஜூலை 5, வெள்ளி

மாத்திரை நாக்கை வறட்டுகிறது. குரலுக்கு ஆகாது. வாஷ்பேசினில் போட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். இரண்டு குடம் கீழிருந்து தூக்கினேன். தாரிகா அந்த வரியை என்னால்தான் அப்படிச் சொன்னாள். அந்த அறுபத்து நான்கை நான் உண்டாக்கினேன். என் விரல் அழுத்திய பொத்தான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

'ஈரச்சுவர்' ரிலீஸ். ஆதிரையோடு காலைக் காட்சிக்குப் போனேன். தனி கார்டு வந்தது. 'குரல் பயிற்சி: பிரமிளா.' அறுபது ஃபிரேம், இரண்டரை விநாடி. எனக்கு முன்னால் ஒருவர் போன் வெளிச்சத்தில் சீட் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். ஆதிரை மட்டும் கைதட்டினாள்.

க்ளைமாக்ஸில் தியேட்டர் அழுதது. பக்கத்து சீட்டுப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே வரும்போது இரண்டு பெண்கள், "சொந்தக் குரல்லயே பேசிட்டாளே, இத்தனை வருஷம் எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தா?" என்றார்கள்.

எங்கே ஒளித்து வைத்திருந்தாளா? பொத்தானுக்கு அடியில். என் கட்டை விரலுக்கு அடியில்.

ஆகஸ்ட் 14, புதன்

ஞாயிற்றுக்கிழமை வெற்றி விழா. எனக்கும் அழைப்பு. போகிறேன்.

திட்டம் எளிதுதான். தாரிகா பேச எழுந்திருப்பாள். மைக்கை வாங்கி வாயைத் திறப்பாள். உடனே நான் என் இருக்கையில் எழுந்து நின்று, அவளுக்கு நான் கொடுத்த அந்தக் குரலில், பதினான்கு படத்துக் குரலில், அந்த வரியைச் சொல்லிவிடுவேன். மைக் வேண்டாம். என் குரல் கடைசி வரிசை வரை போகும். நிருபர்கள் எல்லாரும் திரும்புவார்கள். அவள் வாய் அங்கே, குரல் இங்கே. ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படாது. 'என் குரல்தான்' என்றவளுக்கு அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் வாய் இருக்காது.

மௌனம், முதல் நாள்.

ஆகஸ்ட் 17, சனி

மௌனம், நான்காம் நாள். வெந்நீர் பத்து டம்ளர். பச்சைப் புடவையை அயர்னுக்குக் கொடுத்தேன். ஆதிரை, "நாளைக்கு வேணாம்மா, நீ போக வேணாம்" என்றாள். சீட்டில் எழுதிக் காட்டினேன்: 'தனி கார்டு போட்டவர்கள். மரியாதை.'

ஆகஸ்ட் 18, ஞாயிறு

செய்துவிட்டேன்.

மண்டபம் நிறைய ஆட்கள். இளஞ்சேரன் பேசினார், தயாரிப்பாளர் பேசினார், யார் பேசியதும் எனக்கு உதட்டோடு ஒட்டவில்லை, சிலருக்குச் சத்தமே வரவில்லை. நான்காவது வரிசையில் உட்கார்ந்து மூச்சை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆதிரை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

தாரிகா எழுந்தாள். இளைத்திருந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் வரிசையைத் தேடினாள். வாயைத் திறந்தாள்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. உதடு போகிறது, படம் ஓடுகிறது, ட்ராக் காலியாக இருக்கிறது. அது எனக்கான இடம். எழுந்தேன்.

"என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஒரு முறையோடு நிறுத்தத்தான் நினைத்திருந்தேன். அவள் வாய் மூடவில்லை, அதனால் நானும் நிறுத்தவில்லை. மூன்று முறை, நான்கு முறை. எல்லாரும் திரும்பினார்கள். கேமராக்கள் திரும்பின. என் குரல் எவ்வளவு நன்றாக இருந்தது! யாரோ என் தோளைப் பிடித்தார்கள். ஆதிரை நடுவில் வந்து, "தொடாதீங்க, எங்கம்மா" என்று கத்தினாள். அதுமட்டும் அந்த நொடியே கேட்டது.

ஆகஸ்ட் 19, திங்கள்

பேப்பரில் மூன்று வரி. 'விழாவில் பெண் ஒருவர் கூச்சலிட்டதால் பரபரப்பு. நடிகை பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டார்.' பெயர் போடவில்லை. குரலை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பதினான்கு படம்.

தாரிகா மைக்கை வைத்துவிட்டு அழுதுகொண்டே இறங்கிவிட்டாளாம். இன்று காலை பஞ்சாபுக்குப் போய்விட்டாள் என்று இளஞ்சேரன் ஆதிரையிடம் சொன்னாராம். என்னிடம் பேசவில்லை.

ஆதிரை மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். முழுங்கும் வரை வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முழுங்கினேன்.

ஆகஸ்ட் 21, புதன்

ஆதிரை போனைக் கொண்டுவந்தாள். யாரோ நெட்டில் போட்ட விழா வீடியோ. மேடையைப் பார்த்து வைத்த கேமரா. தாரிகாவின் முகம் பெரிதாக இருக்கிறது. மேலே என் குரல். வேறு எதுவும் கேட்கவில்லை.

"அவங்களும் ஏதோ பேசிட்டே இருந்தாங்கம்மா. நான் உன்னையே பாத்துட்டு இருந்தேன், காதுல விழல. அவங்க தொண்டை இன்னும் சரியாகலயே, மைக்லயும் காத்துதான் வந்துச்சாம், யாருக்குமே விழலையாம். உனக்குத்தான் உதடு படிக்க வருமே. என்ன சொன்னாங்க?"

சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பார்த்தேன்.

முதல் வாக்கியம் உதடு ஒட்டாத வார்த்தைகள். தாடை, தொண்டைக்குழி, பல்லில் தொடும் நாக்கு. இரண்டாம் முறை பார்த்ததும் பிடித்துவிட்டேன். 'இது என் குரல் இல்ல.' அடுத்ததில் ஒட்டுகிறது: 'பதினோரு வருஷம்.' பிறகு அவள் நிறுத்தி, மேடையிலிருந்து என் வரிசையைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள். நான் கத்திக்கொண்டிருக்கிறேன். அவள் விடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று பழகியது போலவே நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. பி, மி. திரும்பவும். பி, மி.

"சொல்லும்மா. உன் பேரைச் சொன்னாங்களா?"

"தெரியலடி" என்றேன். "லேட்டா இருக்கு."

ஆதிரை போனை என்னிடமே விட்டுவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போனாள். சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டேன். தாரிகாவின் உதடு என் பெயரில் முதல் முறை ஒட்டும்போது என் குரல் 'ஒரு வார்த்தை' என்கிறது. இரண்டாம் முறை ஒட்டும்போது 'கேட்டீங்களா' என்கிறது. நாற்பது முறை போட்டுப் பார்த்துவிட்டேன். அவள் உதட்டுக்கு அது பொருந்தவே இல்லை.